அப்பாவின் இடது முழங்காலும் ஒரு கியர் பாக்ஸும்

1,85,000 ரூபாய்!

சர்வீஸ் சென்டரின் ஏ.சி. அறையில் உட்கார வைத்து, மெஷின் காபி கொடுத்து, அதற்கப்புறம்தான் அந்த எஸ்டிமேட்டை நீட்டினார்கள். சும்மா காபி கொடுக்கும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"கியர் பாக்ஸ் போயிடுச்சு சார். அசெம்பிளியா மாத்திடணும்."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"ஆட்டோமேட்டிக் சார்..." என்று சொல்லி, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் சினிமா டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார் அந்த டை கட்டிய இளைஞர்.

அடியேன் பி.காம். படித்தவன். காபியை வைத்துவிட்டு மனசுக்குள் தேய்மானக் கணக்குப் போட்டேன். 2012-ம் வருஷத்து மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இன்றைய தேதிக்கு வண்டியின் மதிப்பு இரண்டேகால் லட்சத்தைத் தாண்டவில்லை. இரண்டேகால் லட்ச ரூபாய் சொத்துக்கு 1,85,000 ரூபாய் வைத்தியம்! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

"வந்த விலைக்குத் தள்ளிட்டுத் தலைமுழுகிடலாமே?" என்றாள் என் மனைவி. நியாயமான யோசனைதான். ஆனால் இதில் அப்பாவின் இடது முழங்கால் சம்பந்தப்பட்டிருந்தது.

அப்பாவுக்கு 73 வயசு. இடது முட்டியில் ஆபரேஷன் ஆனது. சாதாரண காரில் இடது காலுக்கு ஒரே ஒரு வேலை, கிளட்ச் மிதிப்பது. ஆனால் சென்னை டிராஃபிக்கில் தாம்பரத்திலிருந்து கிண்டி வருவதற்குள் அதை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்பது மிதித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. இடது கால் ரிட்டயர்டு! டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, அதற்காகவே தேடிப் பிடித்து வாங்கிய வண்டி அது. அம்மாவை கண் ஆஸ்பத்திரிக்கு, பெருமாள் கோவிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு என்று அப்பா தானே அழைத்துக்கொண்டு போவார். "யாரும் லீவு போட வேணாம். நானே போயிக்கிறேன்" என்று அவர் சொல்வதில் இருந்த கம்பீரம் இருக்கிறதே, அதற்கு எஸ்டிமேட் போட முடியாது.

வண்டி நின்று போன பத்து நாளில் மனுஷன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வண்டிக்கு என்னதான் வியாதி?

காலையில் 'டி'-யில் போட்டால் உடனே கிளம்பாது. இரண்டு மூன்று விநாடி யோசிக்கும். அப்புறம் 'தொம்' என்று ஒரு உதை கொடுத்துக் கிளம்பும். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் மட்டும் 'ஓ'வென்று அலறும், வண்டி நகர மாட்டேன் என்கும்.

"அதுக்கும் முட்டி வலிடா" என்றார் அப்பா.

நண்பன் ஒருவன் ஆலந்தூர் பக்கம் ஒரு சந்தைக் காட்டினான். போர்டு கிடையாது. வேப்பமரம், அதன் அடியில் நாலு கார், ஒரு பாய். வயசு அறுபது இருக்கும். கியர் பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பாராம். வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போக எனக்கு தைரியமில்லை. சக்கரம் தரையில் படாமல் பிளாட்பாரம் வைத்த லாரியில் ஏற்றித்தான் கொண்டு போனேன். அதற்கே பாய் ஒரு சபாஷ் போட்டார்.

"நிறைய பேர் கயிறு கட்டி இழுத்துட்டு வருவாங்க தம்பி. இன்ஜின் ஓடலேன்னா உள்ளே ஆயில் பம்ப் ஓடாது. ஆயில் இல்லாம கியர் சுத்தும். வர்றப்ப ஒரு வியாதி, வந்து சேர்றப்ப ரெண்டு வியாதி!"

பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே கேள்விகளால் துளைத்தெடுத்தார். காலையில் மட்டும் தொந்தரவா, சூடானப்புறமுமா? முன்னால் போகும்போதா, ரிவர்ஸிலுமா? எல்லா கியரிலுமா, ஒண்ணு ரெண்டிலேயா? வண்டி நிற்கிற இடத்தில் தரையில் கறை இருக்கா? கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது?

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஆயிலா? அது லைஃப்டைம்னு சொன்னாங்களே பாய்" என்றேன்.

பாய் சிரித்தார். "யாரோட லைஃப்டைம் தம்பி?"

இரண்டு ஃபேன் கதை

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய வேண்டுமானால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஸ்விட்சைப் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில், ஃபேனுக்குப் பதில் உலோக இறக்கைகள். இதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. இன்ஜினோடு ஒரு விசிறி, கியர் பாக்ஸோடு ஒரு விசிறி. அவற்றுக்கு நடுவே திரும்பி வரும் ஆயிலை மடக்கி விட்டு, கிளம்பும்போது இழுவையைக் கூட்டிக் கொடுக்க இன்னொரு சின்னச் சக்கரம். இந்த யோசனைக்கு ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-லேயே காப்புரிமை வாங்கினார். காருக்காக அல்ல, கப்பலுக்காக! ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் இந்த வித்தையை வைத்து, முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பெரிய அளவில் வீட்டுக் கார்களுக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940-ம் வருஷ ஓல்ட்ஸ்மொபில் காரில் வந்த அதன் பெயர் 'ஹைட்ரா-மேட்டிக்'.

ஆக, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஆயில் என்பது வெறும் மசகு இல்லை. சக்தியைக் கடத்துவதும் அதுதான், கியரை மாற்றும் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுதான், சூட்டை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டர் பக்கம் ஆற்றுவதும் அதுதான். சமையல், கணக்கு, காவல் மூன்றையும் ஒரே ஆள் பார்க்கும் வீடு மாதிரி. அந்த ஆளுக்கு ஜுரம் வந்தால் வீடே படுத்துவிடும்.

'லைஃப்டைம்' ஆயில் என்பதற்கு வருவோம். உலகப் பிரசித்தி பெற்ற கார்கள் பலவற்றுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இஸட்.எஃப். கம்பெனியே, தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவனே சொல்லும்போது நமக்கென்ன வீம்பு? வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். உங்கள் கையேட்டைப் பாருங்கள். அதில் 'கடினமான உபயோகம்' என்று தனியாக ஒரு பத்தி இருந்தால் அதைத்தான் படிக்க வேண்டும். வெயில், டிராஃபிக், குட்டி தூரம்... நம் ஊரில் உபயோகமே கடினமான உபயோகம்தானே!

பாய் செய்த பரிசோதனை

இனி பாய் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். விலை குறைந்த சந்தேகத்திலிருந்து விலை உயர்ந்த சந்தேகத்துக்குப் போனார். அதுதான் சூட்சுமமே.

முதலில் பேட்டரி. கரண்ட் குறைந்தால் கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் உளறுமாம். எங்கள் பேட்டரி பாஸ்.

அடுத்து, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். இதென்ன சம்பந்தம்? இருக்கிறது. பிரேக் மிதித்தாயிற்று என்ற தகவல் போனால்தான் பல ஆட்டோமேட்டிக் கார்களில் 'பி'-யிலிருந்து லீவரே நகரும். அந்தச் சின்ன ஸ்விட்ச் செத்துப்போனதற்காகக் கியர் பாக்ஸையே கழற்றிய கதையெல்லாம் பாய் கைவசம் வைத்திருக்கிறார்.

அடுத்து, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகள். அவை கிழிந்திருந்தாலும் 'டி'-யில் போட்டதும் 'தொம்' என்று உதைக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் மக்கர் செய்தாலும் ஓடும்போது குலுக்கும். பழி என்னவோ கியர் பாக்ஸ் தலையில்!

அப்புறம் ஸ்கேனர். 'பி0700' என்று வந்தது. சர்வீஸ் சென்டரிலும் அதுதான் வந்ததாம். "இது ஒண்ணும் வியாதி பேரு இல்ல தம்பி. கியர் பாக்ஸ்காரர் புகார் கொடுத்திருக்கார்னு இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லுது, அவ்வளவுதான். புகார் என்னன்னு உள்ளே போய்ப் பார்க்கணும்." உள்ளே போனார். கியர் விகிதம் சரியாக இல்லை, அதாவது உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று இன்னொரு கோட். "தெர்மாமீட்டர் ஜுரம்னு சொல்லும். மலேரியாவா டைஃபாய்டான்னு சொல்லுமா? இதைப் பார்த்துட்டு பெட்டியையே மாத்துன்னு எழுதிட்டாங்க."

கடைசியில் ஆயில். எங்கள் வண்டியில் நல்லவேளை, அளவுகோல் குச்சி இருந்தது. (இப்போதைய பல கார்களில் அதுவும் கிடையாது. லிஃப்டில் ஏற்றி, குறிப்பிட்ட சூட்டில் ஒரு திருகைக் கழற்றித்தான் அளவு பார்க்க வேண்டும்.) சமதரையில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று அழைத்துப் போய் 'பி'-க்குக் கொண்டு வந்து, இன்ஜின் ஓடும்போதே குச்சியை எடுத்தார். சில கம்பெனி வண்டிகளில் இன்ஜினை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டுமாம். கையேடே கடவுள்.

வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். புது ஆயில் ரோஸ் மில்க்குக்கு ஊற்றுகிற சிரப் மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். எங்களுடையது பழைய டிகாக்‌ஷன். மோந்து பார்த்தார், லேசான தீய்ந்த வாடை. போதாக்குறைக்கு அளவு குச்சியின் அடிக்கோட்டையே எட்டவில்லை!

"ரோஸ் மில்க் மாதிரியே பாலோட இருந்தா இன்னும் மோசம் தம்பி. ரேடியேட்டர் தண்ணி உள்ளே கலந்துடுச்சுன்னு அர்த்தம். அப்படி இருந்தா ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது."

ஆயில் எங்கே போனது? குனிந்து டார்ச் அடித்தார். கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் பக்கத்தில் வெடித்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அடித் தட்டில் மண்ணோடு சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. தரையில் கறை விழாததன் மர்மம் அதுதான். ஆயில் குறைந்ததால் அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறைந்ததால் கிளட்ச் வழுக்கியது. வழுக்கியதால் சூடு. சூட்டில் ஆயில் கெட்டது. கூட்டு வட்டி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று!

தட்டைத் திறந்தால் தெரியும்

"ஹோஸை மாத்தினா சரியாயிடுமா பாய்?"

"அடித் தட்டைத் திறந்து பார்த்துட்டுச் சொல்றேன். நூத்துக்கு நூறு கேரன்டி நான் கொடுக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

தட்டைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள், உலோகத் துகளைப் பிடித்து வைப்பதற்காக. அதன் மேல் விபூதியைக் குழைத்துப் பூசினாற்போல மெல்லிய சாம்பல் பூச்சு. "இது சாதாரணத் தேய்மானம்" என்றார். தேய்மானம் என்றதும் எனக்கு உயிர் வந்தது, நமக்குத் தெரிந்த சப்ஜெக்ட்! பளபள என்று உலோகச் சில்லுகளோ, கருகிய கிளட்ச் துண்டுகளோ கிடந்திருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டுமாம். அப்போதும் கிளட்ச் தகடு, சீல், சோலனாய்டு வால்வு என்று போனதை மட்டும் மாற்றப் பல சமயம் வழியிருக்கிறது.

புது ஃபில்டர், புது கேஸ்கட், புது ஹோஸ். கையேட்டில் சொன்ன அதே ரக ஆயில். இதில் இன்னொரு விஷயம்: ஆயிலை வடித்தால் முழுசும் வராது. பாதிக்கு மேல் அந்த விசிறிப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடி வடித்து நிரப்பினார். மெஷின் வைத்து ஒரேயடியாக அலசலாமே என்றேன். "இத்தனை வருஷம் பட்டினி கிடந்த ஆளுக்கு ஒரே நாள்ல விருந்து வைக்கலாமா தம்பி?"

பில் விவரம்: ஆயில் இரண்டு தடவைக்கும் சேர்த்து 4,900. ஃபில்டர், கேஸ்கட் 2,200. ஹோஸ், கிளாம்ப் 650. ஸ்கேன் 500. கூலி 2,500. மொத்தம் 10,750 ரூபாய். எஸ்டிமேட்டிலிருந்து கழித்துப் பார்த்தேன். மிச்சம் 1,74,250!

முழுசாகக் குணமா என்றால், இல்லை. ரெண்டிலிருந்து மூணுக்குப் போகும்போது இப்போதும் லேசாக ஒரு தோள் குலுக்கல் இருக்கிறது. "வயசாச்சில்ல, விடுங்க" என்றார் பாய். ஆனால் யோசிப்பதும் உதைப்பதும் போயே போச்சு. இன்னும் ரெண்டு மாசம் அப்படியே ஓட்டியிருந்தால் அந்த 1,85,000 நிஜமாகியிருக்கும் என்றும் சொன்னார்.

சர்வீஸ் சென்டரைத் திட்டவில்லை. பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, மாற்றிவிட்டால் கேரன்டி கொடுக்கலாம். ஆனால் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன், "ஆயில் அளவு பார்த்தீங்களா? கலர் காட்டுங்க. கசிவு இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்பது நம் உரிமை. ரூபாய் நம்முடையது அல்லவா?

உங்க வண்டி எந்த ஜாதகம்?

ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. வைத்தியமும் வேறு.

*ஏ.எம்.டி.:* 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து, பட்ஜெட் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக்கைக் கொண்டு சேர்த்த ரகம். உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும்தான். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. ஆகவே கிளட்ச் தேயும், மாற்ற வேண்டும். மாற்றியதும் ஸ்கேனரை வைத்து, புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, "போகப் போகச் சரியாயிடும்" என்றால் நம்பாதீர்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அமுக்கி வண்டியைப் பிடித்து நிறுத்துவது இதற்கு விஷம். பிரேக்கை உபயோகியுங்கள்.

*சி.வி.டி.:* 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதே தத்துவம். இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர், காரில் பெரும்பாலும் எஃகு. இதற்கென்றே தனி ஆயில் உண்டு. 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று வேறு ஆயிலை ஊற்ற வந்தால், கையைப் பிடித்துத் தடுங்கள்.

*டி.சி.டி.:* 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் வந்து பிரபலமான ரகம். இரண்டு கிளட்ச், ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் ரகத்துக்கு ஊர்ந்து போகும் டிராஃபிக் ஆகாது, சூடாகும். முன் வண்டியோடு அங்குலம் அங்குலமாக நகராமல், கொஞ்சம் இடைவெளி விழுந்ததும் ஒரேயடியாக நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், கிளட்ச் மாற்ற அவர் பணம் தரப்போவதில்லை!

பாய் சொன்ன பஞ்ச சீலம்

1. முன்னாலிருந்து ரிவர்ஸுக்கோ, ரிவர்ஸிலிருந்து முன்னாலோ மாற்றுமுன் வண்டி முழுசாக நிற்க வேண்டும்.

2. பார்க் செய்யும்போது பிரேக்கில் கால் வைத்தபடி 'என்', அடுத்து ஹேண்ட் பிரேக், பிரேக்கிலிருந்து கால் எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி மிதித்துக் கடைசியில் 'பி'. இல்லாவிட்டால் மொத்த பாரமும் உள்ளே ஒரு சின்னப் பல்லில் தொங்கும். ஏ.எம்.டி. பலவற்றில் 'பி'-யே கிடையாது. ஹேண்ட் பிரேக்கை மறந்தால் வண்டி உங்களை மறந்துவிடும்.

3. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று 'என்'-னில் உருட்டாதீர்கள். மிச்சமும் இல்லை, பிரேக்குக்கும் ஆபத்து.

4. ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேகம் எடுக்காவிட்டால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நொண்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே என்று ஏமாறாமல் கோடைப் படிக்கச் சொல்லுங்கள்.

5. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனால், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சிரித்துக்கொண்டே மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

நிற்க.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சடங்கு நடக்கிறது. அப்பா வெள்ளைத் துணியோடு வருவார். குச்சியை உருவுவார், துடைப்பார், மறுபடி விட்டு எடுப்பார், வெயிலில் பிடித்துக் கலர் பார்ப்பார், மோந்து பார்ப்பார். பாக்கெட் டைரியில் தேதி, கிலோமீட்டர், 'சிவப்பு, அளவு சரி' என்று எழுதிக்கொள்வார். அப்புறம் அம்மாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு. டெண்டர் விளம்பரங்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன.

போன வாரம் டைரியை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டிக்கு ரெக்கார்டு இருக்கு. உனக்குக் கொலஸ்ட்ரால் பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

பதில் சொல்லாமல் நைஸாக உள்ளே நழுவினேன். நான்கூட லைஃப்டைம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்!